இரு தீர்மானங்களுக்கு நடுவில்

நமது தேசத்தில் சங்கங்களுக்கும் மகாநாடுகளுக்கும் குறைவில்லை. காலையில் ஜாதிக் கொடுமையைக் கண்டித்து ஒரு தீர்மானம், மாலையில் ஸ்திரீகளின் உரிமைக்கு ஒரு தீர்மானம். இரண்டும் கரகோஷத்துடன் நிறைவேறுகின்றன. ஆனால் தாழ்த்தப்பட்ட வகுப்பிற் பிறந்த பெண்ணொருத்தி தன் குறையைச் சொல்ல வந்தால், அதை எந்தத் தீர்மானத்தின் கீழ் எழுதிக்கொள்வதென்று காரியதரிசிக்கே விளங்குவதில்லை.

இந்நோய் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின்மீது கறுப்பு ஸ்திரீகள் ஐவர் வழக்குத் தொடுத்தனர். 1964-க்கு முன் அவர்கள் இனப் பெண்களுக்கு அங்கே வேலையில்லை. பின்னர் ஆட்குறைப்பு நேர்ந்தபோது, கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியேற வேண்டுமென்ற விதியால் அவர்களே வேலையிழந்தனர். நிறம், பால் இரண்டையும் இணைத்து வழக்காட இடமில்லையென்று 1976-ல் நியாயஸ்தலம் கூறிவிட்டது. கம்பெனியில் ஸ்திரீகள் இருந்தனராம்! இருந்தவர் வெள்ளைக்காரப் பெண்கள். 1989-ல் கிம்பர்லே கிரென்ஷா என்ற சட்ட ஆசிரியை இவ்வழக்கை எடுத்துக்காட்டி, நாற்சந்தியில் நிற்பவள்மீது எத்திசையிலிருந்தும் வண்டி மோதலாம் என்று விளக்கினார்.

பரிகாரத்துக்கு நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. திண்டுக்கல் பக்கத்தில் ஆடை ஆலைத் தொழிலாளியான தலித் பெண்ணொருத்தி 2021-ல் கொலையுண்டாள். தலித் ஸ்திரீகள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கம் அதன்பின் விடாது போராடி, 2022-ல் திண்டுக்கல் ஒப்பந்தத்தைப் பெற்றது. பெண்ணென்ற காரணத்தாலும் ஜாதியின் காரணத்தாலும் இழைக்கப்படும் கொடுமை இரண்டையும் ஒருங்கே தடுக்க அது வகைசெய்தது. வேலைத் தளத்திலேயே தொழிலாளிப் பெண்கள் பயிற்சி பெற்றுக் கண்காணித்தனர். ஆலை வாக்குத் தவறினால், துணி வாங்கும் அந்நிய கம்பெனிகள் வியாபாரத்தைக் குறைக்க அதன்படி கடமைப்பட்டன. உபதேசத்துக்குப் பணியாத முதலாளியும் ஆர்டருக்குப் பணிவார் என்பது நமது அபிப்பிராயம்.

தலைவர்கள் கவனிக்கவேண்டியது இதுவே. குறையை அனுபவிப்பவளிடம் அதிகாரத்தில் ஒரு பங்கு வந்து சேரவேண்டும். இரவு எட்டு மணிக்குக் கமிட்டி கூட்டிவிட்டு, ஸ்திரீகள் வரவில்லையே என்று அங்கலாய்க்கும் பிரமுகர்களை நாம் அறிவோம். வருகிற ஒருத்தியும் பெரும்பாலும் தலைவரின் உறவினளே!

பஞ்சாயத்துக்களைப் பாருங்கள். 1992-ம் வருஷத்து 73-வது அரசியல் சட்டத் திருத்தம், தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய ஸ்தானங்களுக்குள்ளேயே மூன்றிலொரு பங்குக்குக் குறையாமல் ஸ்திரீகளுக்கென்று வைத்தது. கிராமத்துக்கு இயன்றது நமது சங்கங்களின் நிர்வாகக் கமிட்டிகளுக்கு ஏன் இயலாது? அடுத்த தேர்தலுக்கு முன் தம் சங்க விதிகளில் இதைச் சேர்க்கும் தலைவர் யாரென்று பார்த்திருக்கிறோம்.