கடன் வாங்கிக் கட்டிய பெருமை: இலங்கையின் வீழ்ச்சி சொல்லும் கணக்கு

2022 மார்ச் மாதம் இலங்கையின் வடபகுதியிலிருந்து கைக்குழந்தைகளோடு படகேறிய சில தமிழ்க் குடும்பங்கள் ராமேஸ்வரம் பகுதியில் வந்து கரை இறங்கின. உள்நாட்டுப் போர் முடிந்து அப்போது 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்த முறை அவர்களை விரட்டியது அரிசி விலையும், பால்மாவுத் தட்டுப்பாடும், வேலையின்மையும்தான். அடுத்த சில வாரங்களில், ஏப்ரல் 12ஆம் தேதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தி வைப்பதாக இலங்கை அரசு அறிவித்தது. 1948இல் சுதந்திரம் பெற்ற பிறகு அந்த நாடு கடன் தவணை தவறியது அதுவே முதல் தடவை. அன்று அதன் வெளிநாட்டுக் கடன் சுமார் 5,100 கோடி டாலர்.

கல்வியிலும் மருத்துவத்திலும் தெற்காசியாவுக்கே முன்மாதிரியாகச் சொல்லப்பட்ட நாடு அது. அங்கே பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை நின்றது. காகிதம் இல்லாததால் பள்ளித் தேர்வுகள் தள்ளிப்போயின. தமிழக அரசு இங்கிருந்து அரிசியும் பால்பவுடரும் மருந்தும் கப்பலில் அனுப்பியது. இந்த நிலை எப்படி வந்தது என்பதைப் புரிந்துகொள்ளப் பொருளாதாரப் பட்டம் தேவையில்லை. ஒரு குடும்பத் தலைவனுக்குத் தெரிந்த கணக்கே போதும்.

எல்லாக் கடனும் ஒன்றல்ல

புளியங்குடியில் ஓர் எலுமிச்சை விவசாயி கிணற்றை ஆழப்படுத்தக் கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் ஊறினால் காய்ப்பு கூடும்; காய் விற்ற காசில் கடன் அடையும். அதே விவசாயி ஊர் மெச்ச வேண்டும் என்று மகள் கல்யாணத்தைக் கடனில் நடத்தினால், பந்தல் பிரித்த மறுநாள் கடன் மட்டும்தான் மிஞ்சும். முதல் கடன் தன்னைத் தானே அடைத்துக்கொள்ளும். இரண்டாவது கடனுக்குத் தோட்டத்தையே விற்க வேண்டி வரலாம்.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. உள்ளூரில் ரூபாயில் கூலி வாங்கும் ஒருவர், சவூதி ரியாலில் திருப்பித் தருகிறேன் என்று கடன் வாங்குகிறார். ரியாலின் மதிப்பு ஏற ஏற, அவர் ஒரு பைசாகூடக் கூடுதலாக வாங்காமலேயே கடன் பெருகிக்கொண்டு போகும். ரூபாய் நோட்டை அரசாங்கம் அச்சடிக்கலாம். ரியாலையும் டாலரையும் அச்சடிக்க முடியாது. இலங்கை இரண்டாவது வகையையும் மூன்றாவது வகையையும் சேர்த்தே செய்தது: டாலரில் வாங்கியது, டாலர் ஈட்டாத காரியங்களில் போட்டது.

பெருமைக்கு எழுந்த கட்டடங்கள்

2009 மே மாதம் போர் முடிந்தது. வெற்றி பெற்ற ஆட்சியாளர்களுக்கு நாட்டை ஒரே மூச்சில் உச்சிக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்ற ஆசை. அதிபர் மகிந்த ராஜபக்சவின் சொந்த மாவட்டமான அம்பாந்தோட்டையில் சீனாவின் எக்சிம் வங்கிக் கடனில் துறைமுகம் கட்டப்பட்டு 2010இல் திறக்கப்பட்டது. அதற்குப் பக்கத்திலேயே மத்தள என்ற இடத்தில் அவர் பெயரிலேயே சர்வதேச விமான நிலையம் 2013இல் திறக்கப்பட்டது. சுமார் 21 கோடி டாலர் செலவு. அதில் பெரும்பகுதி சீனக் கடன். விமானங்கள் வரவில்லை. அதன் சரக்குக் கிடங்கில் நெல் மூட்டைகளைச் சேமித்து வைத்த காலமும் உண்டு. கொழும்பில் 350 மீட்டருக்கும் மேல் உயரத்தில் தாமரைக் கோபுரம் எழுந்தது.

துறைமுகத்தால் தன் கடனை அடைக்க முடியவில்லை. 2017இல் அது 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனம் ஒன்றிடம் போனது. கிடைத்த 112 கோடி டாலரும் அந்தத் துறைமுகக் கடனை அடைக்கப் போகவில்லை. மற்ற வெளிநாட்டுக் கடன்களின் நெருக்கடியைச் சமாளிக்கவே கையிருப்பில் சேர்க்கப்பட்டது. துறைமுகத்தையும் கொடுத்தாயிற்று, அதன் கடனும் அப்படியே இருந்தது.

சீனா மட்டும்தான் காரணமா?

சீனக் கடன் வலையில் இலங்கை சிக்கியது என்று பேசுவது நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது. அது பாதி உண்மைதான். இலங்கையின் வெளிநாட்டுக் கடனில் மிகப் பெரிய பங்கு, மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், சர்வதேசச் சந்தையில் விற்ற கடன் பத்திரங்கள். முதல் பத்திரம் 2007இல் 50 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. சந்தை வட்டிக்கு வாங்கிய இந்தக் கடன்களின் முதல் முழுவதையும் குறித்த நாளில் ஒரே தவணையில் கொடுத்தாக வேண்டும். பழைய பத்திரத்தை அடைக்கப் புதிய பத்திரம் விற்பதே பழக்கமானது. கந்து வட்டியில் சிக்கியவர் ஒருவரிடம் வாங்கி இன்னொருவருக்குக் கொடுப்பாரே, அதே சுழற்சிதான். புதிதாகக் கடன் கொடுக்க ஆள் இருக்கும்வரை இது ஓடும். நம்பிக்கை போன அன்று நின்றுவிடும்.

கைதட்டல் வாங்கித் தந்த வரிச் சலுகை

2019 ஏப்ரல் 21இல் ஈஸ்டர் குண்டுவெடிப்பு. சுற்றுலா வருமானம் சரிந்தது. அந்த அச்சச் சூழலில், பாதுகாப்பையும் பெரும்பான்மைப் பெருமிதத்தையும் முன்வைத்து நவம்பரில் கோத்தபய ராஜபக்ச அதிபரானார். உடனே வரிகள் வெட்டப்பட்டன. 15 சதவீதமாக இருந்த மதிப்புக்கூட்டு வரி 8 சதவீதமானது. மக்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் நாட்டின் மொத்த உற்பத்தியில் 12 சதவீதத்துக்கு மேல் இருந்த அரசு வருமானம் 2021இல் 8 சதவீத அளவுக்கு இறங்கியது. கடன் தர நிர்ணய நிறுவனங்கள் இலங்கையின் தரத்தைக் குறைத்தன. புதிய பத்திரம் விற்கும் வாசல் அடைபட்டது.

அடுத்து கொரோனா வந்தது. 2021 ஏப்ரலில் ரசாயன உர இறக்குமதி ஒரே இரவில் தடை செய்யப்பட்டது. நெல்லும் தேயிலையும் அடிவாங்கிய பின், நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. டாலருக்கு 200 ரூபாய் என்று அரசு கட்டாயமாகப் பிடித்து வைத்தது. வெளிச்சந்தையில் அதைவிடக் கூடுதலாகக் கிடைத்ததால் வளைகுடாவில் உழைத்தவர்கள் பலர் உண்டியல் வழியாகப் பணம் அனுப்பினார்கள். 2020இல் சுமார் 710 கோடி டாலராக வங்கி வழியே வந்த பணம் 2021இல் சுமார் 550 கோடியாகக் குறைந்தது. 2019 முடிவில் 760 கோடி டாலராக இருந்த கையிருப்பு கரைந்தது. அந்த நிலையிலும் 2022 ஜனவரியில் பத்திரக்காரர்களுக்கு 50 கோடி டாலர் கொடுக்கப்பட்டது. சில மாதங்களில், மருந்தும் எரிபொருளும் வாங்க எடுத்துப் பயன்படுத்தக்கூடிய டாலர் 5 கோடிகூட இல்லை என்ற நிலை வந்தது.

யார் விலை கொடுத்தார்கள்?

2022 செப்டம்பரில் கொழும்பில் விலைவாசி முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 70 சதவீதம் உயர்ந்திருந்தது. உலக வங்கிக் கணக்குப்படி 2021இல் 13 சதவீதமாக இருந்த வறுமை ஒரே ஆண்டில் 25 சதவீதமானது. வெட்டிய வரி திரும்ப வந்தது: மதிப்புக்கூட்டு வரி 2024 ஜனவரியில் 18 சதவீதம். உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது தொழிலாளர்களின் சேமலாப நிதி வைத்திருந்த பத்திரங்களுக்கான வட்டி குறைக்கப்பட்டது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு மத்தள விமான நிலையத்தில் எந்தப் பங்கும் இல்லை. அதன் கடனில் மட்டும் பங்கு உண்டு.

ஆட்சியாளர்களும் தப்பவில்லை. 2022 ஜூலையில் அதிபர் மாளிகைக்குள் மக்கள் புகுந்தனர்; கோத்தபய நாட்டைவிட்டு வெளியேறிப் பதவி விலகினார். இந்த நெருக்கடிக்கு ராஜபக்ச சகோதரர்கள் உள்ளிட்டோர் பொறுப்பு என்று 2023 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது; ஆனால் கடன் தவணை மக்களிடமே இருக்கிறது.

நம் வரலாற்றிலும் இது உண்டு

உஸ்மானியப் பேரரசு 1854இல், கிரிமியப் போரின்போது, முதன்முதலாக ஐரோப்பாவில் கடன் வாங்கியது. அதே காலத்தில்தான் இஸ்தான்புல்லில் பொன்னும் பளிங்குமாக தோல்மாபாச்சே அரண்மனை எழுந்தது. பிறகு பெரும் செலவில் இரும்புப் போர்க்கப்பல்கள் வந்தன. 21 ஆண்டுகளில், 1875இல், பேரரசு தவணை தவறியது. 1881இல் கடன் கொடுத்தவர்களின் பிரதிநிதிகளைக் கொண்ட நிர்வாகம் ஒன்று அமைந்தது. உப்பு, புகையிலை, பட்டு உள்ளிட்ட வருமானங்களை அது நேரடியாக வசூலித்தது. கலீஃபாவின் நாட்டில் உப்புக்கான வரி அந்நியக் கடன்காரர்களுக்குப் போனது. அந்தப் பேரரசு மறைந்த பிறகும் கடன் மறையவில்லை. துருக்கிக் குடியரசு தன் பங்கின் கடைசித் தவணையைக் கட்டியது 1954இல்.

எகிப்தின் இஸ்மாயில் பாஷா கெய்ரோவை இன்னொரு பாரிஸாக்க ஆசைப்பட்டுக் கடனில் மூழ்கினார். 1875இல் சூயஸ் கால்வாய்ப் பங்குகளைப் பிரிட்டனுக்கு 40 லட்சம் பவுனுக்கு விற்றார். 1882இல் பிரிட்டன் படையே எகிப்தில் இறங்கியது.

நாம் கேட்க வேண்டியவை

இந்தியா பெரும்பாலும் உள்நாட்டில், ரூபாயில் கடன் வாங்குவதால் இலங்கையின் நிலை அப்படியே நமக்கு வரும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் 1991இல் டாலர் இல்லாமல் சுமார் 47 டன் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்த அனுபவம் நமக்கும் உண்டு. ஆகவே பிரமாண்டமான திட்டமோ இலவசச் சலுகையோ அறிவிக்கப்படும்போது கைதட்டுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்போம். பணம் யாரிடம், எந்த நாணயத்தில் வாங்கப்படுகிறது? அதைத் திருப்பிக் கொடுக்கும் வருமானம் எங்கிருந்து வரும்? கணக்கு மக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறதா?

திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் கடனை எழுதி வைப்பது, சாட்சி வைப்பது பற்றியது (2:282) என்பது நாம் அறிந்ததே. இரண்டு பேருக்கு இடையிலான கடனுக்கே அவ்வளவு கவனம் என்றால், இன்னும் பிறக்காத பிள்ளைகளின் பெயரில் வாங்கப்படும் கடனுக்கு எவ்வளவு கவனம் வேண்டும்! ஆட்சி ஓர் அமானிதம். அதன் கணக்கைக் கேட்பது எதிர்ப்பு அரசியல் அல்ல, குடிமக்களின் கடமை. ஊர் ஜமாஅத்தின் வரவு செலவை வருடந்தோறும் கேட்கத் தெரிந்த நமக்கு, நாட்டின் வரவு செலவைக் கேட்கவும் தெரிய வேண்டும்.