கை எட்டும் தூரம்

நாகலாபுரம் வேதநாராயணர் கோயிலில் மூலவருக்கு இடுப்புக்குக் கீழே மீன் உடல். வேதங்களைத் திருடிக் கடலுக்குள் ஒளித்த சோமகாசுரனைத் தேடிப் பெருமாள் மீனாகப் போனார் என்பது தலபுராணம். கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாம்பாவின் பெயரால் அமைத்த ஊர் இது என்பார்கள். மார்ச் மாதத்தில் சில நாள் மாலை வெயில் கோபுர வாசலைத் தாண்டிக் கருவறைக்குள் நுழைந்து, பாதத்தில் தொடங்கி நாளுக்கு நாள் மேலேறும். அதையொட்டித் தெப்போற்சவமும் நடக்கும். குளத்தைச் சுற்றிக் கூட்டம் நெரியும். இடுப்பிலிருக்கும் பிள்ளை நழுவி இறங்கும். இறங்கியதும் அதன் கால் போகும் திசை தண்ணீர்தான்.

மீன்குஞ்சுக்கு நீச்சல் கற்றுத்தர வேண்டுமா என்பது நம் பழமொழி. அந்தப் பழமொழிக்குச் சாட்சி சொல்வதுபோல இப்போது கைப்பேசிக்குக் காணொளிகள் வருகின்றன. ஆறு மாதக் குழந்தையைத் தண்ணீரில் விடுகிறார்கள். அது மூழ்குகிறது, புரள்கிறது, மல்லாந்து மிதக்கிறது. பார்க்கிற தாய்க்கு இரண்டு எண்ணம் ஒரே நேரத்தில் வரும்: என்ன கொடுமை இது என்று ஒன்று, நம் பிள்ளைக்கும் இது தெரிந்திருந்தால் என்று இன்னொன்று. இரண்டாவது எண்ணத்தில் நியாயம் இருக்கிறது. ஏரியும் கிணறும் பண்ணைக் குட்டையும் சூழ்ந்த ஊரில் பிள்ளை வளர்ப்பவர்கள் நாம். அதனால்தான் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

பிறந்த குழந்தைக்கு நீச்சல் தெரியுமா?

பார்வைக்குத் தெரிவதுபோலத்தான் இருக்கும். சில மாதக் குழந்தையைக் குப்புறத் தண்ணீரில் தாங்கிப் பிடித்தால் கையும் காலும் சீராக அசையும், மூச்சும் சிறிது நேரம் நிற்கும். அமெரிக்க ஆய்வாளர் மிர்ட்டில் மெக்ரா 1939இலேயே இதைக் கவனித்து எழுதினார். கன்னத்தைத் தொட்டால் வாயைத் திருப்புவதும், உள்ளங்கையில் விரல் வைத்தால் இறுகப் பற்றுவதும் எப்படியோ, இதுவும் அப்படிப்பட்ட ஓர் அனிச்சைச் செயல். அதில் கற்றலும் இல்லை, அறிவும் இல்லை. மூளை வளர வளர, ஆறு மாத வாக்கில் அது மங்கிவிடுகிறது. தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி மூச்சு வாங்கும் திறன் அந்த அசைவில் எப்போதுமே இருந்ததில்லை. ஆகவே "குழந்தைக்கு இயல்பாகவே நீச்சல் வரும், நாம்தான் மறக்கடிக்கிறோம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

காணொளிகளில் வருவது வேறு. அது பழக்கிக் கொடுப்பது. அமெரிக்காவில் ஹார்வி பார்னெட் என்பவர் 1966இல் தொடங்கிய முறை அவற்றில் பெயர்பெற்றது. நாளுக்குப் பத்து நிமிடம், வாரத்தில் ஐந்து நாள் எனப் பல வாரம் தொடர்ந்து, குழந்தையைப் புரண்டு மல்லாந்து மிதக்கப் பழக்குகிறார்கள். கடைசியில் சட்டை துணியோடும் சோதிக்கிறார்கள், ஏனென்றால் தவறி விழும் குழந்தை நீச்சல் உடையில் விழுவதில்லை. அந்தச் சிந்தனையை நான் மதிக்கிறேன்.

ஆனால் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் என்ன சொல்கிறது என்றும் பார்க்க வேண்டும். நான்கு வயதுக்கு முன் நீச்சல் வகுப்பு வேண்டாம் என்று சொல்லிவந்த அந்தக் கழகம் 2010இல் அந்தக் கண்டிப்பைத் தளர்த்தியது. 2019 அறிக்கையில், ஒரு வயது நிறைந்த பிறகு பயிற்சி தொடங்குவது பல குழந்தைகளுக்கு ஆபத்தைக் குறைக்கலாம் என்றது. 2009இல் வெளியான ஓர் ஆய்வில், முறையாகப் பயிற்சி பெற்ற 1 முதல் 4 வயதுக் குழந்தைகளிடம் மூழ்கும் ஆபத்து 88 சதவீதம் குறைவாக இருந்ததுதான் இந்த மாற்றத்துக்கு ஒரு காரணம். ஆய்வு சிறியது, எண்ணை அப்படியே மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒரு வயதுக்குக் கீழே பயிற்சி உயிரைக் காக்கும் என்பதற்கோ சான்றே இல்லை என்று அதே கழகம் தெளிவாகச் சொல்கிறது. அந்த வயதில் உடல் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். குடிக்கிற தண்ணீர் அதிகமானால் இரத்தத்தில் உப்புச்சத்து குறைந்து வலிப்புகூட வரலாம்.

குளம் வேறு, வாளி வேறு

பயிற்சிக் குளத்தில் தண்ணீர் வெதுவெதுப்பாக, தெளிவாக, அசையாமல் இருக்கும். ஓர் அடி தள்ளிப் பயிற்சியாளர் நிற்பார். ஒன்றரை வயதுப் பிள்ளை நிஜமாக விழும் இடங்களை நினைத்துப் பாருங்கள். குளியலறை வாளி. தண்ணீர் வரும் நாளில் பிடித்துவைத்த டிரம். மூடி நகர்ந்த சம்ப். மாட்டுத் தொட்டி. நூறு நாள் வேலையில் வெட்டிய பண்ணைக் குட்டை. கரை சரிந்த, கைப்பிடிச் சுவர் இல்லாத விவசாயக் கிணறு.

நடைபழகும் பிள்ளைக்கு உடம்பை ஒப்பிட்டால் தலை கனம். வாளியில் மிதக்கும் சொம்பை எடுக்க எட்டிக் குனிந்தால் தலை முன்னே போகும், கால் மேலே வரும். வாளியின் வாய் குறுகல். புரளவோ மல்லாக்கவோ அங்கே இடமில்லை. கையை ஊன்றி எழும் வலுவும் அந்த வயதில் இல்லை. நான்கு விரல்கடைத் தண்ணீர் போதும். உலகத்தின் எந்த மிதவைப் பயிற்சியும் தலைகீழாக வாளிக்குள் சிக்கிய குழந்தைக்கு உதவாது.

சத்தமும் வராது. சினிமாவில் காட்டுவதுபோலக் கையை வீசி, அலறி யாரும் மூழ்குவதில்லை. வாய் தண்ணீருக்குள் இருக்கும்போது கத்த முடியாது. அடுப்பங்கரையில் பாலை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. சில நிமிடம் பிராணவாயு கிடைக்காவிட்டால் மூளைக்குச் சேதம் தொடங்கிவிடும்.

உலக சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021இல் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் ஐந்து வயது நிரம்பாதவர்கள். இந்தியாவில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022இல் 38,000க்கு மேல். டெங்கு வந்தால் ஊரே மருந்தடிக்கிறது. தண்ணீர் கொண்டுபோன பிள்ளையை மட்டும் விதி என்று சொல்லிப் புதைத்துவிட்டு வருகிறோம். இந்த ஒரு சொல்லை நாம் விட்டாக வேண்டும்.

வங்கதேசத்தின் முந்தானை

நம்மைப் போலவே வீட்டுவாசலில் குளம் வைத்திருக்கும் நாடு வங்கதேசம். அங்கே பிள்ளைகள் எப்போது மூழ்குகிறார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, பெரும்பாலும் காலை ஒன்பது மணிக்கும் மதியம் ஒரு மணிக்கும் இடையில் என்று தெரியவந்தது. அம்மா சமையலிலும் வீட்டுவேலையிலும் இருக்கும் நேரம், அப்பா வயலிலோ வேலையிலோ இருக்கும் நேரம். அந்த நான்கு மணி நேரத்துக்கு மட்டும் ஊருக்குள்ளேயே ஒரு பெண்மணியின் வீட்டில் இருபது, இருபத்தைந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தார்கள். அதற்கு வைத்த பெயர் 'ஆஞ்சல்'. வங்க மொழியில் அதற்குப் பொருள் முந்தானை.

2012இல் வெளியான ஆய்வில், ஆஞ்சலுக்கு வந்த பிள்ளைகளிடம் மூழ்கி இறப்பது ஐந்தில் நான்கு பங்கு குறைந்திருந்தது. நீச்சல்குளமும் இல்லை, பயிற்சியாளரும் இல்லை. கவனமாக இருந்த ஒரு பெண்ணும் அடைத்த வாசலும்தான். 2022இல் அந்நாட்டு அரசு இப்படி 8,000 மையங்களுக்கு ஒப்புதல் தந்தது. பள்ளி செல்லும் வயதுக்கு முன் பகல்நேரப் பாதுகாப்பு, ஆறு வயது முதல் அடிப்படை நீச்சல் என்று 2021இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியதற்குப் பின்னால் இந்த அனுபவம் இருக்கிறது.

நம்மிடம் 1975இலிருந்து அங்கன்வாடி இருக்கிறது. ஆனால் மூன்று வயது நிரம்பிய பிறகுதான் பிள்ளை அங்கே உட்காருகிறது. அதற்குக் கீழே உள்ளவர்களுக்குச் சத்துமாவும் முட்டையும் வீட்டுக்கு வரும், பிள்ளை வீட்டிலேயே இருக்கும். ஒன்று முதல் மூன்று வயது, அதாவது ஓடத் தெரிந்து ஆபத்துத் தெரியாத வயது, யார் பொறுப்பிலும் இல்லாமல் நடுவில் விழுந்துகிடக்கிறது. ஆறு மாதக் குழந்தையிலிருந்து பார்த்துக்கொள்ள 'பால்னா' என்ற பெயரில் அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகத் திட்டம் ஒன்று மத்திய அரசிடம் உள்ளது. நீச்சல் வகுப்பு எங்கே என்று தேடும் பெற்றோர் கிராம சபையில் எழுந்து இதைக் கேட்டால் அதிகப் பிள்ளைகள் பிழைப்பார்கள் என்பது என் கருத்து.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் இல்லை. குளித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள். டிரம்முக்கு இறுக்கமான மூடி, சம்ப்புக்குப் பூட்டு, குளியலறைக்கு உயரத்தில் கொக்கி. கதவுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு மேல் ஒரு பலகைத் தடுப்பு. கிணற்றுக்கு வலை போட்டால் செலவு ஆகும்தான், ஊராகச் சேர்ந்து போடலாம். விசேஷ வீடுகளில் இன்னும் கவனம் வேண்டும். நாற்பது பேர் இருக்கும் வீட்டில் எல்லோரும் பார்ப்பார்கள் என்று நினைத்து யாரும் பார்ப்பதில்லை. "இந்த அரை மணி நேரம் பிள்ளை உன் பொறுப்பு" என்று ஒருவர் பெயரைச் சொல்லி ஒப்படையுங்கள். ஆயாவோ அவ்வாவோ சித்தப்பாவோ, பெரியவராக இருக்க வேண்டும். ஆறு வயது அக்காவிடம் ஒன்றரை வயதுத் தம்பியை விடுவது இரண்டு பிள்ளைகளையும் ஆபத்தில் விடுவது. தண்ணீர்ப் பக்கம் போனால் பிள்ளை உங்கள் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். கண் பார்க்கும் தூரம் போதாது.

கிணற்றில் இறங்கும் வயது

ஐந்து, ஆறு வயதானதும் நீச்சலைத் தள்ளிப்போடக் கூடாது. பெண்பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நம் ஊர்களில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, இடுப்பில் கயிறு போட்டு, மாமாவோ அண்ணனோ கிணற்றில் இறக்கிப் பழக்கினார்கள். கயிற்றைப் பிடித்திருந்தவர் கடைசிவரை விடவில்லை என்பதுதான் அந்த முறையின் உயிர். திடீரென்று தள்ளிவிட்டுக் கற்றுக்கொடுப்பது முறையே இல்லை. பயந்த பிள்ளை தண்ணீரைக் குடிக்கும், மறுபடி பக்கத்தில் வராது.

வங்கதேசத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்போது 25 மீட்டர் நீந்துவது, அரை நிமிடம் மிதப்பது, தான் தண்ணீரில் குதிக்காமல் கம்போ துணியோ நீட்டி அடுத்தவரை இழுப்பது என்ற மூன்றையும் பார்க்கிறார்கள். மூன்றாவதை நாம் சொல்லிக்கொடுப்பதே இல்லை. ஒரு பிள்ளையைக் காக்கப் போய் அடுத்தடுத்துக் குதிக்கும் வழக்கம் அதனால்தான் தொடர்கிறது.

இடமும் தெரிய வேண்டும். நாகலாபுரம் மலை அருவிக் குட்டைகளுக்குச் சென்னையிலிருந்து இளைஞர்கள் வருகிறார்கள். தெளிவான தண்ணீர் ஆழத்தைக் குறைத்துக் காட்டும், பாசி படிந்த பாறை காலை வாரிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பிச்சாட்டூர் ஆரணியாறு அணையைத் திறந்தால் ஊத்துக்கோட்டைத் தரைப்பாலம்வரை வெள்ளம் பாயும். கிணற்றில் நீந்தத் தெரிந்தவருக்கு அந்த ஓட்டத்தில் நீச்சல் கைகொடுக்காது.

வெளியே எடுத்த பிறகு

பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றாதீர்கள். வயிற்றை அமுக்காதீர்கள், குடத்தின்மேல் போட்டு உருட்டாதீர்கள், உப்புக்குள் புதைக்காதீர்கள். இவை எல்லாம் பிழைக்கவைக்கும் ஆசையில் செய்வதுதான். ஆனால் வயிற்றுத் தண்ணீர் வாந்தியாகி மூச்சுக்குழலுக்குள் போகும். அதைவிட மோசம், அந்த நேரத்தில் மூச்சு கொடுக்காமல் இருந்துவிடுகிறோம்.

கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சில்லை என்றால் ஒருவர் 108ஐ அழைக்கட்டும். நீங்கள் பிள்ளையைக் கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, முகவாயை மெல்ல உயர்த்துங்கள். மூழ்கியவருக்கு முதல் தேவை காற்று. கைக்குழந்தையானால் வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி, பெரிய பிள்ளையானால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, மார்பு உயரும் அளவுக்கு இரண்டிலிருந்து ஐந்து முறை ஊதுங்கள். பிறகும் அசைவில்லை என்றால் நடு மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் அழுத்துங்கள். கைக்குழந்தைக்கு இரு கைகளாலும் மார்பைச் சுற்றிப் பிடித்து இரண்டு கட்டைவிரலால், வளர்ந்த பிள்ளைக்கு உள்ளங்கையின் அடிப்பகுதியால். மார்பின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு இறங்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்ற வேகத்தில். 30 அழுத்தம், 2 மூச்சு, மறுபடி 30. ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது. இதைப் படித்து வராது, கையால் செய்து பழக வேண்டும்; ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

பிள்ளை இருமி அழுதுவிட்டது, கண் திறந்துவிட்டது என்றாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறலைக் கொண்டுவரும். இருமல் ஓயாவிட்டால், மூச்சு வேகமானால், உதடு நீலம் பாரித்தால், எழுப்பினாலும் எழாமல் தூங்கினால் தாமதிக்கக் கூடாது. அன்று இரவு பிள்ளையின் பக்கத்தில் ஒருவர் விழித்திருக்க வேண்டும்.