கியர்பாக்ஸ் எண்ணெய் தரும் சாட்சியம்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஓடும் எண்ணெய் உராய்வைக் குறைப்பதோடு நின்றுவிடுவதில்லை. எஞ்சினின் சுழற்சியை டார்க் கன்வர்ட்டர் வழியாகக் கியர்களுக்குக் கடத்துவதும், வால்வுகளினூடே அழுத்தத்துடன் பாய்ந்து கிளட்ச் தகடுகளை இறுக்கிக் கியர் மாற்றுவதும், அங்கே உண்டாகும் சூட்டை வெளியே கொண்டுசெல்வதும் அதே எண்ணெய்தான். 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஜெனரல் மோட்டார்ஸ் ஹைட்ராமேட்டிக் என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை அறிமுகப்படுத்திய காலம் முதல் இந்த அடிப்படை பெரிதும் மாறவில்லை. சில தயாரிப்பாளர்கள் இந்த எண்ணெயை வாகனத்தின் ஆயுள் முழுதும் மாற்ற வேண்டியதில்லை என்கிறார்கள். அந்த ஆயுள் எத்தனை கிலோமீட்டர் என்பதை மட்டும் தெளிவாகச் சொல்வதில்லை.

அதை எண்ணெயிடமே கேட்டறியும் வழிதான் எண்ணெய்ப் பகுப்பாய்வு. அமெரிக்காவின் டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் ரயில்வே 1946இல் டீசல் எஞ்சின்களுக்குக் கையாளத் தொடங்கிய இம்முறையில், எண்ணெயின் சிறு மாதிரியைக் கடும் வெப்பத்தில் எரித்து, அப்போது ஒவ்வொரு உலோகமும் உமிழும் தனித்த ஒளியைக் கொண்டு அதன் அளவு பிபிஎம்மில், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று கணக்கிடப்படுகிறது. இரும்பு மிகுந்தால் கியர்களும் எஃகுத் தகடுகளும், செம்பு மிகுந்தால் புஷ்களும் வாஷர்களும், அலுமினியம் மிகுந்தால் பம்ப்பும் உறையும் தேய்வதாக ஊகிக்கலாம். சோடியமும் பொட்டாசியமும் திடீரென ஏறினால் ரேடியேட்டருக்குள் இருக்கும் எண்ணெய்க் குழாய் கசிந்து கூலன்ட் கலந்திருக்கக்கூடும். கிளட்ச் தகட்டின் உராய்வுப் பூச்சை ஒட்டியிருக்கும் பசையையே அது கரைத்துவிடுமாதலால், தள்ளிப்போடக் கூடாத ஒரே எச்சரிக்கை என்று இதைச் சொல்லலாம். புதிய கியர்பாக்ஸில் இரும்பு மிகுந்திருப்பது இயல்பு என்பதால் ஒரே அறிக்கையை வைத்து முடிவுக்கு வருவது தவறு; எண்ணெய் சூடாக இருக்கும்போது ஒரே முறையில் மாதிரி எடுத்து, ஓடிய தூரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் போக்கு தெரியும்.

இச்சோதனைக்கும் ஒரு குருட்டுப் பகுதி உண்டு. ஏறத்தாழ 5 முதல் 8 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் அதில் சரிவரப் பதிவாவதில்லை. ஆகவே 4, 6, 14 மைக்ரான் அளவுகளில் துகள்களை எண்ணும் ஐஎஸ்ஓ 4406 முறையும் உடன் வேண்டும்.

வால்வுகளைச் சிக்கவைப்பவை பெரும்பாலும் இத்துகள்களே. ஆயில் பேனுக்குள் இருக்கும் ஃபில்டரை மிக நுண்ணியதாக வைத்தால், குளிரில் கெட்டிப்பட்ட எண்ணெய் அதனுள் புகாமல் பம்ப் வறண்டுபோகும் என்பதால், அது சற்றுப் பெரிய துகள்களைத்தான் தடுக்கிறது. கூலரிலிருந்து எண்ணெய் திரும்பும் குழாயில், காந்தமும் பைபாஸ் வால்வும் கொண்ட கூடுதல் ஃபில்டர் பொருத்தப்படுவது இதனால்தான். அது அடைபட்டாலும் வால்வு திறந்து எண்ணெய் ஓட்டத்தைக் காக்கும். ஆனால் சூட்டில் எண்ணெய் ஆக்சிஜனேற்றம் அடைவதையோ அதில் கலந்த சேர்மானங்கள் தீர்வதையோ எந்த ஃபில்டராலும் தடுக்க இயலாது. மேலும், ஃபில்டர் பிடித்துக்கொண்டவை அறிக்கையில் வராது என்பதால், பொருத்தியபின் எண்கள் குறைவதைத் தேய்மானம் நின்றதாகக் கொள்ளாமல், கழற்றிய ஃபில்டரை வெட்டிக் காகிதத்தை விரித்து, அதில் மின்னும் துகள்கள் காந்தத்தில் ஒட்டும் எஃகா, ஒட்டாத அலுமினியமா என்று பார்த்தறிவதே சரியான முறை.