கிடுகு வேலியும் கல்மதிலும்

யாழ்ப்பாணத்து வீட்டு வளவுக்கு மறைப்பு எப்போதும் வேண்டும். கிணற்றடியில் குளிப்பவர்கள் மேல் தெருக்கண் படக்கூடாது என்று ஆளுயரத்துக்கு மேல் வேலி அடைத்த ஊர் இது. அந்த வேலி பெரும்பாலும் போய், மதில் வந்துவிட்டது.

அன்று மண்தான் வேலியைத் தீர்மானித்தது. குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். கோப்பாய், உரும்பிராய்ப் பக்கம் செம்மண் தாராளமாக இருக்கும். வேறு பல இடங்களில் இரண்டு சாண் தோண்டுமுன் அலவாங்கு கல்லில் கணீரென்று மோதும். கரையோரத்தில் உவர். வற்றாத ஆறும் இல்லை, ஐப்பசி, கார்த்திகை மாரிதான் கிணறுகளை நிரப்ப வேண்டும். கன்று வைத்து, தினமும் நீர் ஊற்றி வேலி வளர்க்க இங்கே கட்டாது. அதனால் கதியால் போட்டார்கள். கிளுவை, பூவரசு, முள்முருக்கு, பின்னாளில் சீமைக்கிளுவை என்று கைக்கு அடங்கும் மொத்தத்தில் தடி வெட்டி, மழையோடு நட்டுக் காலால் மிதித்து இறுக்கினால் போதும். அந்த மாரியிலேயே தளிர்த்துவிடும்.

ஆனால் கிளுவையும் சீமைக்கிளுவையும் கோடையில் இலை கொட்டும். மறைப்பு வேண்டிய நேரத்தில் தடி மொட்டையாக நிற்கும். அதற்குத்தான் கிடுகு என்னும் பின்னிய தென்னோலை. வேலிக்கு உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் நின்று, குத்தூசியில் கயிறு கோத்து மாறி மாறிக் குத்தி இழுப்பார்கள். ஒருவர் கை பிந்தினால் கட்டு தளரும். பழைய கிடுகு தென்னையடிக்குப் பசளையாகும். வெட்டிய குழை ஆட்டுக்கும் புகையிலைத் தோட்டத்துக்கும் போகும். முள்முருக்கும் சீமைக்கிளுவையும் வேரில் தழைச்சத்தைச் சேர்ப்பவை. மெலிந்த மண்ணுக்கு அந்த வேலியே ஊட்டம்.

குறையும் இருந்தது. கதியாலை இரவோடிரவாக ஓரடி தள்ளி நட்டு, அதனால் நீதிமன்றம்வரை போன அயலவர்கள் உண்டு. கறையான் அரிக்கும்; கிடுகை அடிக்கடி மாற்ற வேண்டும்; அடைக்க ஆள் வேண்டும்.

1990களின் பொருளாதாரத் தடையில் சீமெந்து குடாநாட்டுக்குள் வருவது கடினமாக இருந்தது. 2009இல் போர் முடிந்து தரைப்பாதை திறந்ததும் சீமெந்து தாராளமாக வந்தது. வெளிநாட்டுப் பிள்ளைகளின் பணமும் வந்தது. வேலியடைக்க ஆள் கிடைப்பது அரிதாகியிருந்தது. சனம் மதில் கட்டியது. எல்லைச் சண்டை குறைந்தது, ஆண்டுதோறும் வந்த செலவும் நின்றது. அதனால் மதில் கட்டியவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இழப்பும் சிறிதல்ல. அத்திவாரம் வெட்டும்போது ஒரு தலைமுறை வயதான பூவரசுகள் வேரோடு போயின. கிடுகின் இடுக்கால் கசிந்து வந்த காற்று நின்றது. பகல் முழுக்கக் காய்ந்த கல் இரவில் வெக்கை விடுகிறது. ஆட்டுக்குக் குழை காசுக்கு வாங்க வேண்டியிருக்கிறது. கறிக் கிண்ணம் போய்வந்த வேலிப் பொட்டும் அடைபட்டது.

மதிலை இடிக்கச் சொல்லவில்லை. பின்வளவையாவது மரத்துக்கு விடலாம். கல் நிலமென்றால் கிளுவை. உவர்க் கரையென்றால் பூவரசு, அது உப்பையும் கடற்காற்றையும் தாங்கும், கோடையிலும் பச்சை குறையாது. செம்மண்ணில் சீமைக்கிளுவை நடலாம். காலத்துக்குக் காலம் கொப்பு வெட்டிவந்தால் இலை அடர்ந்தே நிற்கும். ஒரே இனத்தை வரிசையாக நடாமல், இலை கொட்டும் மரத்துக்கிடையில் பூவரசைக் கலந்து நட வேண்டும். அடிப்பக்க இடைவெளிக்கு ஆடாதோடை போதும். பேருக்கேற்ப ஆடு தொடாது.

இத்தனைக்கும் தேவை, மாரிக்கு முன் அயலிலே கேட்டு வாங்கும் தடிகள்தான்.