மாட்டுக்குப் போடும் ஊசி பாறுக்கும் போய்ச் சேரும்

மாடு சரியில்லை என்று ஆள் வந்து கூட்டிப்போனால், பட்டிக்குள் நுழைந்ததும் நான் மாட்டைத் தொடுவதில்லை. கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்ப்பேன். மூக்கில் ஈரம் முத்து முத்தாக நிற்கிறதா, அசை போடுகிறதா, காது ஈ ஓட்டுகிறதா, நாலு காலையும் ஒன்றுபோல ஊன்றுகிறதா, சாணி இளகியிருக்கிறதா இறுகியிருக்கிறதா? இத்தனையும் பார்த்த பிறகுதான் பக்கத்தில் போவேன். கடைசி விலாவுக்குப் பின்னால், இடதுபக்கக் குழியில் கையை முஷ்டியாக்கி அழுத்தி வைத்துக்கொண்டு காத்திருப்பேன். நன்றாக இருக்கிற மாட்டின் பெருவயிறு இரண்டு நிமிடத்தில் இரண்டு மூன்று தடவை புரண்டு அந்த முஷ்டியை வெளியே தள்ளும். அந்தத் தள்ளல் கைக்குத் தெரிந்தால் பாதிக் கவலை போய்விடும். தெரியவில்லை என்றால் இரை எடுக்காததற்குக் காரணத்தைத் தேட வேண்டும். வாய்ப்பேச்சு இல்லாத ஜீவனிடம் நோயைக் கேட்டறிய இதைவிடச் சுருக்குவழி எதுவும் எனக்குத் தெரியாது.

நான் கால்நடை மருத்துவராக வேலை பார்ப்பது சத்தியமங்கலம் காட்டோரத்தில், மாயாறு இறங்கிவந்து பவானிசாகர் அணையில் சேர்கிற பக்கம். இங்கே வீட்டு விலங்கு, காட்டு விலங்கு என்று கோடு கிழிக்க முடியாது. பகலில் மாடு மேய்ந்த இடத்தில் பொழுது சாய்ந்ததும் மான் மேயும். ஆடு தண்ணீர் குடித்த ஓடையில் யானை இறங்கும். ஒன்றுக்கு வந்த சீக்கு மற்றதற்கு வரும். நான் மாட்டுக்குக் கொடுக்கிற மருந்தும் அப்படித்தான், மாட்டோடு நிற்பதில்லை. அதை எனக்குக் கற்பித்தவை பாறு கழுகுகள்.

ஒரு பெரியவரின் பட்டியில் நடந்தது இது. கன்று போட்டு நாலாம் நாள் பசுவுக்கு மடி வீங்கிவிட்டது. தொட்டால் கொதிக்கிறது; பாலில் திரிதிரியாகக் கட்டி வருகிறது. காய்ச்சல் வேறு. மாட்டுக்கு இயல்பான சூடு 101.5 டிகிரி ஃபாரன்ஹீட். இந்தப் பசுவுக்கு 104-ஐத் தாண்டியிருந்தது.

“ஏனுங்க டாக்டரம்மா, போன தடவ வேறொருத்தரு வந்து ஒரு ஊசி போட்டாருங்க. நல்லாக் கேட்டுச்சு. பொழுது எறங்கறதுக்குள்ள எந்திரிச்சுத் தீனி தின்னுச்சுங்க. அதையே போட்டுருங்க” என்றார் பெரியவர். எறவாணத்தில் செருகியிருந்த காலிக் குப்பிகளையும் எடுத்துக் காட்டினார். நாலு குப்பி. எல்லாம் மனிதருக்குப் போடுகிற டைக்ளோஃபினாக்.

“இதை மாட்டுக்குப் போடக் கூடாதுங்கய்யா, தடை பண்ணியிருக்காங்க. மெலாக்சிகாம்னு வேற இருக்குது. வலிக்கும் வீக்கத்துக்கும் அதுவும் கேக்கும்.”

“மாட்டுக்கு நல்லாக் கேக்கற ஊசிய எதுக்குங்க தடை பண்ணோணும்?”

நியாயமான கேள்வி. டைக்ளோஃபினாக் மாட்டுக்குக் கெடுதல் செய்த மருந்தல்ல. வலியைக் குறைக்கும், காய்ச்சலை இறக்கும், விலையும் மலிவு. 1990-களில் இந்தியா முழுக்க மாட்டு வைத்தியத்தில் புகுந்தது அதனால்தான். வினை வந்தது, ஊசி போட்டும் பிழைக்காமல் ஓரிரு நாளில் செத்த மாடுகளால். அவற்றின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் மருந்து தங்கியிருந்தது. அந்த இறைச்சியைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் செயலிழந்தது. பறவைகள் கழிவை யூரிக் அமிலமாக வெளியேற்றுகின்றன. சிறுநீரகம் நின்றால் அந்த அமிலம் ரத்தத்தில் ஏறி உள்ளுறுப்புகளின் மேல் படிகமாகப் படியும். செத்த பாறுகளை அறுத்துப் பார்த்தவர்கள் இதயத்தின் மேலும் ஈரலின் மேலும் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாக இருந்ததைக் கண்டார்கள். சாவதற்கு முன் அவை மரக்கிளையில் கழுத்தைத் தொங்கப் போட்டபடி உட்கார்ந்திருக்கும்.

காரணம் பிடிபடவே பல ஆண்டுகள் ஆயின. ராஜஸ்தானின் பரத்பூரில் பாறுகள் குறைவதைப் பறவை ஆய்வாளர் விபு பிரகாஷ் பதிவு செய்தபோது, ஏதோ தொற்றுநோய் என்றுதான் பலரும் நினைத்தார்கள். பாகிஸ்தானில் செத்துக் கிடந்த பாறுகளை ஆராய்ந்த லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர், குற்றவாளி டைக்ளோஃபினாக்தான் என்று 2004-ல் நிறுவினார்கள். அதற்குள் பெரும்பகுதி போய்விட்டது. 1992-க்கும் 2007-க்கும் நடுவே இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் 99.9 சதவீதம் குறைந்தன. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று.

பெரியவருக்கு நம்பிக்கை வரவில்லை. “நாம ஒருத்தரு ரெண்டு பேரு போடறதுலயா அம்புட்டும் செத்துப்போச்சு?” என்றார். அதற்கும் கணக்கு இருக்கிறது. பாறுகளுக்குக் கிடைக்கும் சடலங்களில் 760-க்கு ஒன்று முதல் 130-க்கு ஒன்று வரை மருந்தேறியதாக இருந்தாலே இந்த வீழ்ச்சிக்குப் போதும் என்று கணித்திருக்கிறார்கள். நூற்றுக்கு ஒன்றுகூட வேண்டாம். பாறுகள் கூட்டமாகச் சாப்பிடுபவை. ஒரு மாட்டின் மேல் முப்பது நாற்பது இறங்கும். எங்கள் ஊர் ஒன்று ஒழுங்காக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும், ஒரு பட்டியில் போடும் ஒரு ஊசியைக்கூட நான் விடாமல் கேட்பதற்கும் இதுவே காரணம்.

மாட்டுக்கான டைக்ளோஃபினாக் இந்தியாவில் 2006-ல் தடை செய்யப்பட்டது. பாறுகளுக்கு மெலாக்சிகாம் பாதுகாப்பானது என்று உறுதியானதும் அதே ஆண்டில்தான். ஆனால் மனிதருக்கான பெரிய புட்டிகள் கடையில் கிடைத்ததால், அவை மாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தன. 2015-ல் மனிதருக்கான ஊசிமருந்தை 3 மில்லி குப்பியில்தான் விற்க வேண்டும் என்று அரசு சொன்னது. ஒரு மாட்டுக்கு அதில் நாலைந்து உடைக்க வேண்டும். செலவும் சிரமமும் கூடும். அப்படியும் உடைக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதைத்தான் அந்த எறவாணத்துக் குப்பிகள் காட்டின. பாறுகளைக் கொல்லும் கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபினாக் இரண்டும் 2023-ல் கால்நடைகளுக்குத் தடையாயின. அசெக்ளோஃபினாக் மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடும். பெயர் வேறு, நஞ்சு ஒன்று.

பாறுகளைப் பார்த்து முகம் சுளிப்பவர்களை எனக்குத் தெரியும். பிணந்தின்னி என்ற பேரே போதும், விலகிப் போக. பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. மாயாற்றங்கரையில் வெண்முதுகுப் பாறுகள் உயரமான நீர்மருது மரங்களில் கூடு வைக்கின்றன. கருங்கழுத்துப் பாறு பாறை விளிம்பைத் தேடும். இரை தின்று முடித்ததும் வெண்முதுகுப் பாறுகள் தண்ணீருக்கு வரும். தலையை முக்கி, இறகை அடித்து அடித்துக் குளிக்கும். பிறகு மணல்திட்டில் ஏறி இரண்டு இறக்கைகளையும் அகல விரித்து, முதுகை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். அந்தக் கழுத்தில் முடியில்லாதது அசிங்கத்துக்கு அல்ல. சடலத்துக்குள் தலையை விடும்போது ரத்தமும் நிணமும் ஒட்டிக் காயாமல் இருக்கத்தான். எத்தனையோ கிருமிகளை அழித்துவிடும் அளவுக்கு வீரியமான அமிலம் அதன் இரைப்பையில் இருக்கிறது.

சடலத்தைத் தின்று தீர்க்கிற அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். பாறுகள் இல்லாமல் போன இடங்களில் சடலங்கள் கிடந்து அழுகின, நாய்கள் பெருகின, தண்ணீர் கெட்டது. 2000 முதல் 2005 வரையிலான ஐந்து ஆண்டுகளில் இதனால் இந்தியாவில் கூடுதலாக ஐந்து லட்சம் மனிதர்கள் இறந்திருக்கலாம் என்று 2024-ல் வெளிவந்த பொருளாதார ஆய்வு ஒன்று மதிப்பிட்டது.

வெண்முதுகுப் பாறு சட்டென்று பெருகுகிற பறவை இல்லை. ஜோடி சேர ஐந்து வயதுக்குக் கிட்ட ஆகும். ஆண்டுக்கு ஒரே முட்டை. தாயும் தகப்பனும் மாறி மாறி ஐம்பது நாளுக்கு மேல் அடைகாக்கும். குஞ்சு கூட்டைவிட்டுப் பறக்க இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் பிடிக்கும். திருக்கழுக்குன்றத்து மலையில் நாள் தவறாமல் பிரசாதம் உண்ண வந்துகொண்டிருந்த மஞ்சள்முகப் பாறுகள் வராமல் போய் ஒரு தலைமுறை ஆகிவிட்டது. தமிழகத்தில் வெண்முதுகுப் பாறு இன்றும் கூடு வைத்துக் குஞ்சு பொரிக்கிற முக்கியமான இடம் இந்த மாயாற்றுப் பள்ளத்தாக்கு. கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு மூன்றிலும் சேர்த்தே எல்லா வகைப் பாறுகளும் சில நூறுதான். ஜடாயுவைக் கும்பிடுகிற நாட்டில் இந்த எண்ணிக்கை எனக்குப் பொறுக்கவில்லை.

இன்னொரு நஞ்சும் இருக்கிறது, அது கோபத்தில் வைக்கப்படுவது. சிறுத்தையோ புலியோ மாட்டை அடித்துவிட்டால், மிச்சத்தைத் தின்ன அது திரும்ப வரும் என்று தெரிந்து, சடலத்தில் பயிர் மருந்தைத் தெளித்துவிடுகிறவர்கள் உண்டு. புலி வருகிறதோ இல்லையோ, பாறுகள் வந்துவிடும். அடிபட்ட மாட்டுக்கு வனத்துறை இழப்பீடு தரும். அதற்கு நான் சடலத்தைப் பரிசோதித்துச் சான்று கொடுக்க வேண்டும். தொண்டையில் பல் பதிந்த துளைகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து குறித்துக்கொள்வேன். அழைப்பு வந்தால் வேறு வேலையை ஒதுக்கிவிட்டு அன்றைக்கே போய்விடுவேன். மாட்டைப் பறிகொடுத்தவர் முதல் சாயங்காலத்தில்தான் மருந்து டப்பாவைத் தேடுவார். அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அது எத்தனை ஈத்துப் பசு, எவ்வளவு பால் கறந்தது என்று கேட்டுக்கொண்டிருக்க ஒரு ஆள் வேண்டும். மாட்டை நேசித்தவரின் கோபம் அது. அதை வில்லத்தனமாகப் பார்க்க எனக்கு மனம் வராது.

பெரியவரின் பசுவுக்கு அன்று மெலாக்சிகாமும் ஆன்டிபயாட்டிக்கும் போட்டேன். கூடவே, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரப்பிய மூலிகை மருந்தையும் அரைக்கச் சொன்னேன். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்ததும் விழுது செக்கச் செவேல் என்று ஆகிவிடும். கெட்ட பாலை முழுக்கக் கறந்து விட்டு, மடியைக் கழுவி, அந்த விழுதில் ஒரு கை எடுத்துத் தண்ணீரில் கரைத்து, மடி முழுக்கப் பூச வேண்டும். காயக் காய, நாளுக்குப் பத்துத் தடவை. பெரியவரின் மருமகள் பூசப் பூச, பசு முதலில் காலை உதறியது. பிறகு நின்று கொடுத்தது. மடிநோயை ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால், பல நேரம் வலி ஊசிக்கே வேலை இருக்காது. கறப்பதற்கு முன்னும் பின்னும் காம்பைக் கழுவுங்கள். கறந்து முடித்த கையோடு தீனி போட்டு, மாட்டை அரைமணி நேரம் நிற்க வையுங்கள். காம்புத் துளை மூடிக்கொள்ள அவ்வளவு நேரம் ஆகும்.

எங்கள் பக்கம் மட்டுமல்ல, மாடு வைத்திருக்கிற எல்லோரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மாட்டுக்கு முடியவில்லை என்றால் 1962-க்குப் போன் போடுங்கள்; நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். அவசரத்துக்கு வேறு யாராவது வந்து ஊசி போட்டால் மருந்தின் பேரைக் கேளுங்கள். திடீரென்று செத்த மாட்டின் மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத ரத்தம் வந்தால் அடைப்பான் நோயாக இருக்கலாம். அதன் தோலை உரிக்கவோ உடலை அறுக்கவோ வேண்டாம், உடனே எங்களுக்குச் சொல்லுங்கள். ஊசி போட்ட காலிக் குப்பியைக் குப்பையில் எறியாமல் எறவாணத்தில் செருகி வையுங்கள். அதைப் பார்த்தால்தான் அடுத்து எந்த மருந்தைக் கொடுக்கலாம் என்று எனக்குத் தெரியும். மாடு பிழைக்காமல் போனால், சடலத்தைப் பாறுகளுக்கு விடலாமா, ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டுமா என்பதையும் அந்தக் குப்பியை வைத்துத்தான் சொல்ல முடியும்.