கணினிக்குக் காலந்தவறாமை கற்பித்தல்



ஒரு காலத்தில் ஒலிப்பதிவு என்பது வானொலி நிலையங்களுக்கும் இசைத்தட்டுக் கம்பனிகளுக்குமே உரிய வித்தையாக இருந்தது. இன்றோ ஒரு மடிக்கணினியும், ஓர் ஒலிவாங்கியும், அவ்விரண்டையும் இணைக்கும் சிறியதோர் ஒலி இடைமுகக் கருவியும் இருந்தால், வீட்டு விறாந்தையையே கலையகமாக்கிக்கொள்ளலாம். ஆயினும், நாம் வாங்கும் கணினி ஒலிப்பதிவுக்கென்றே ஆக்கப்பட்டதன்று. அதன் பணிசெயல் முறைமையை அவ்வேலைக்கு எவ்வாறு பழக்குவது என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

எனக்கு நேர்ந்த அனுபவம் ஒன்றோடு தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், மட்டக்களப்புப் பகுதியில் வாழ்ந்த முதிய அண்ணாவியார் ஒருவரின் கூத்துப் பாடல்களைப் பதிவு செய்யச் சென்றிருந்தேன். கொப்பிகளில் எழுதப்படாத விருத்தங்கள் பல அவர் நினைவில் இருந்தன. இரண்டு மணி நேரம் மனம் நிறைந்து பாடினார். வீடு திரும்பிப் போட்டுக் கேட்டபோது, இடையிடையே ‘டிக், டிக்’ என்றோர் ஓசை. அவ்வோசை எழுந்த இடங்களிலெல்லாம் குரல் அறுந்திருந்தது. சிற்சில இடங்களில் எழுத்தே சிதைந்திருந்தது. ஒலிவாங்கியில் பழுதில்லை. கணினியும் புதியது, வேகமானது. பின், பிழை எங்கே?

இதனை அறிய, கணினி ஒலியைப் பதியும் முறையைச் சற்றே நோக்குதல் வேண்டும். ஒலிவாங்கி தரும் மின்னலையை இடைமுகக் கருவி செக்கனுக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக்குகிறது. இசைக் குறுந்தட்டுக்கு இவ்வளவை 44,100. கலையகங்களில் பெரும்பாலும் 48,000. இவ்வெண்கள் ஓயாது வந்து ஒரு தொட்டியில் வீழ்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மையச் செயலி என்னும் வேலையாள், வேறு நூறு வேலைகளுக்கிடையே ஓடி ஓடி வந்து, தொட்டியில் சேர்ந்ததை இறைத்துக்கொண்டு போகிறான். தொட்டி நிரம்பி வழியுமுன் அவன் வந்துவிட்டால் ஒரு துளியும் சிந்தாது. ஒரே ஒருமுறை பிந்தினாலும், வழிந்தது வழிந்ததுதான். நான் கேட்ட ‘டிக்’ ஓசை அவ்வாறு வழிந்த ஓசையே.

இத்தொட்டிக்கு இடையகம் என்று பெயர். செக்கனுக்கு 48,000 அளவைகள் எனில், 64 அளவைகள் கொள்ளும் இடையகம் 1.3 மில்லிசெக்கனில் நிரம்பிவிடும்; 1,024 கொள்ளும் இடையகம் நிரம்ப 21 மில்லிசெக்கன் செல்லும். இன்றைய வேலையாள் வலிமை குன்றியவன் அல்லன். இறைக்கும் வேலையை நொடிப்பொழுதில் முடிக்க வல்லவன். எனினும், எல்லா வேலைகளையும் சராசரியாக விரைந்து முடிப்பதற்கே பொதுவான பணிசெயல் முறைமைகள் அவனைப் பழக்கியுள்ளன. ஒலிப்பதிவுக்கோ வேண்டுவது வேகம் அன்று, ஒருமுறையேனும் பிந்தாமை. இவ்வேறுபாட்டை உணர்ந்தவர் பாதி வழி வந்தவராவார்.

முதலாவதாகக் கவனிக்க வேண்டியது இடையகத்தின் அளவு. பாடுபவர் தம் குரலைக் கணினியின் வழியாகவே ஹெட்போனில் கேட்டுக்கொண்டு பாடுவாராயின், தொட்டி சிறியதாக இருத்தல் நன்று. பெரிய தொட்டியில் குரல் தங்கித் தாமதித்தே வெளிவரும். போக்கும் வரவும் சேர்ந்து 40 மில்லிசெக்கன் ஆனால் பாடகர் தாளத்தில் இடறுவார். 128 அளவைகள் எனில் ஒருவழித் தாமதம் 3 மில்லிசெக்கனுக்கும் குறைவு; காற்றில் ஒலி ஒரு மீற்றர் தூரம் செல்ல எடுக்கும் நேரம் அவ்வளவே. ஆனால், ஹெட்போன் எதுவும் இன்றி ஒருவர் பாட, நாம் பதிவது மட்டுமே நோக்கமாயின், தாமதத்தால் யாதொரு தீங்குமில்லை. அங்கே தொட்டியைத் தாராளமாகப் பெரிதாக்கலாம். சிறிய இடையகமே சிறந்தது என்று யாரோ சொல்லக் கேட்டு, அன்று நான் அதனை 64 இல் வைத்திருந்தேன். தேவையில்லாத இடத்தில் நானே செய்த பிழை அது.

இரண்டாவது, சாதன இயக்கி. கருவிக்கும் பணிசெயல் முறைமைக்கும் இடையே துபாஷியாக நிற்கும் நிரல் இது. விண்டோஸ் முறைமையில் வழமையான ஒலிவழி எல்லா நிரல்களின் ஒலியையும் கலந்து அனுப்புவது. அதனால் தாமதம் மிகும். அக்கலப்பினை விலக்கி நேர்வழி அமைப்பது, 1997 இல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் வகுத்த ஏசியோ முறையாகும். இடைமுகக் கருவியை ஆக்கியோரே தரும் ஏசியோ இயக்கியை நிறுவிக்கொள்க. மக்கின்டோஷ் கணினிகளில் இத்தகைய வழி முறைமையின் உள்ளேயே அமைந்துள்ளது.

மூன்றாவது காரணமே பலரும் அறியாதது. கம்பியில்லா வலையிணைப்பு, திரைக்காட்சி முதலிய கருவிகள் அடிக்கடி செயலியைக் கைதட்டி அழைக்கும். அவ்வழைப்புகளுக்கு விண்டோஸ் தரும் இடம், எந்த ஒலிப்பதிவு நிரலுக்கும் தரும் முன்னுரிமையிலும் மேலானது. அவற்றுள் ஏதேனும் ஓர் இயக்கி தன் வேலையை நீட்டினால், வேலையாள் தொட்டியை எட்டிப் பார்க்கவும் இயலாது. லேட்டன்சிமொன் என்னும் நிரல் இக்குற்றவாளி யார் என்று காட்டித் தரும். பெரும்பாலும் அகப்படுவது கம்பியில்லா இணைப்பின் இயக்கியே. பதிவு நேரத்தில் அவ்விணைப்பையும் புளூடூத்தையும் நிறுத்திவிடுதல் எளிய மருந்து.

நான்காவது, மின்சிக்கனம். மடிக்கணினி மின்கலத்தைக் காக்க வேண்டி, செயலியை அடிக்கடி துயில விட்டு எழுப்புகிறது. யூஎஸ்பி வாயில்களையும் உறங்க விடுகிறது. துயில் கலைய எடுக்கும் கணப்பொழுதே தொட்டி வழியப் போதுமானது. ஆதலின், மின்திட்டத்தை உயர் செயற்றிறனுக்கு மாற்றி, யூஎஸ்பியின் உறக்கத்தை நிறுத்தி, கணினியை மின்கம்பியில் இணைத்து வைத்தல் வேண்டும். இற்றைப்படுத்தல்களையும் வைரசுத் தேடலையும் வேறு வேளைக்கு ஒதுக்குக. வைரசுக் காவலை அடியோடு நீக்க வேண்டியதில்லை. பதிவுகள் சேரும் கோப்புறைக்கு மட்டும் விலக்களித்தால் போதும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. இன்னின்ன சேவைகளை எல்லாம் நிறுத்துக என்று நீண்ட பட்டியல்கள் வழங்கி வருகின்றன. 2001 இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில், நினைவகம் சிறிதாயிருந்தபோது, அவை பயன்பட்டிருக்கலாம். இன்று அவற்றால் நன்மை சிறிது. முறைமை குலைந்துபோகும் அபாயம் பெரிது. ஒருவேளைக்கு ஒன்றையே மாற்றி, அரைமணி நேரம் சோதனைப் பதிவு செய்து, விளைவைக் கண்ட பின்னரே அடுத்ததைத் தொடுக.

காலந்தவறாமை எத்துணை அரிது என்பதற்கு லினக்ஸ் முறைமையின் வரலாறு சான்று. அதன் கருவைக் குறித்த நேரம் தவறாது இயங்கச் செய்யும் திருத்தங்கள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தனியே வளர்ந்து, 2024 நவம்பரில் வெளிவந்த 6.12 ஆம் பதிப்பிலேதான் முழுமையாக மூலக்கருவில் இடம்பெற்றன.

நேயர்களே, அடுத்த மாதம் நான் மீண்டும் அண்ணாவியாரிடம் சென்றேன். இடையகம் 1,024, வலையிணைப்பு நிறுத்தம், மின்திட்டம் மாற்றம். பதிவில் ஒரு ‘டிக்’ ஓசையும் இல்லை. ஆனால், முதல்நாள் பாடிய விருத்தங்களுள் இரண்டு அன்று அவர் நினைவுக்கு வரவில்லை. அவை இன்றும் அறுந்த குரலோடேயே என்னிடம் இருக்கின்றன. ஆகையால், பெரியோர் ஒருவரின் குரலைப் பதியக் கருதுவோர், ஒலிவாங்கியைத் துடைத்து வைப்பதுபோலவே, முதல்நாள் இரவே கணினியையும் சோதித்து ஆயத்தம் செய்துகொள்வாராக. இயந்திரத்தை நாளையும் திருத்தலாம். பாடுவோரின் நினைவு நாளைவரை காத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை.