அயல்நாட்டுச் சிறப்புப் பள்ளிக்கு விண்ணப்பம்: ஆயரின் கடிதம் எதைச் சொல்ல வேண்டும்?

நம் சபைக் குடும்பங்கள் பல வேலையின் பொருட்டு அயல்நாடுகளில் குடியேறுவதை நாம் அறிவோம். அவர்களுள் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையைப் பெற்றவர்களும் உண்டு. பயண ஏற்பாடுகளுக்கிடையே அவர்கள் ஆயரிடம் வந்து, "அங்கே சிறப்புப் பள்ளியில் சேர்க்க ஒரு கடிதம் தாருங்கள், ஐயா" என்று கேட்கின்றனர். நாமும் மனமுவந்து எழுதிக் கொடுக்கிறோம். குடும்பம் பக்தியுள்ளது, பிள்ளை அமைதியானவன், ஆராதனைக்குத் தவறாமல் வருபவன், இறையருளால் நாளுக்கு நாள் தேறி வருகிறான் என்றெல்லாம் எழுதிக் கையொப்பமும் முத்திரையும் இடுகிறோம். இதில் பொய் ஒன்றுமில்லை, அன்பே இருக்கிறது. எனினும் இத்தகைய கடிதம் அப்பிள்ளைக்குப் பயன்படாமல் போவதுடன், சில வேளைகளில் அவனுக்கு எதிராகவும் நிற்கக்கூடும். அது ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாட்டுக்கு நாடு முறை வேறுபடுவதால், நம் மக்கள் பலர் செல்லும் இங்கிலாந்தை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சட்டங்கள் உள்ளன.

1. இரக்கமா, உரிமையா?

சிறப்புப் பள்ளி என்றதும் நம் நினைவுக்கு வருவது பாளையங்கோட்டை போன்ற இடங்களில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பார்வையற்றோருக்கும் செவிப்புலன் இழந்தோருக்கும் மிஷனெரிப் பெண்கள் தொடங்கிய பள்ளிகள். அவை இரக்கத்தில் பிறந்தவை. அதனால் சிறப்புப் பள்ளியின் கதவை மன்றாட்டினாலும் நற்சான்றினாலும் தட்ட வேண்டும் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது.

இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் நிலைமை இதைவிடக் கடுமையாகவே இருந்தது. அறிவு வளர்ச்சியில் கடுங்குறையுள்ள பிள்ளைகள் 'கற்பிக்க இயலாதவர்' எனத் தள்ளப்பட்டு, கல்வித் துறையின் பொறுப்புக்கு வெளியே விடப்பட்டனர். 1970-ஆம் ஆண்டின் சட்டம் அந்தப் பிரிவினையை நீக்கி, எல்லாப் பிள்ளைகளையும் கல்வித் துறையின் கீழ்க் கொண்டுவந்தது. 1978-இல் மேரி வார்னாக் அம்மையார் தலைமையிலான குழு தன் அறிக்கையை வெளியிட்டது. ஐந்து பிள்ளைகளுள் ஒருவருக்குப் பள்ளிப் பருவத்தில் ஏதேனும் ஒரு கட்டத்தில் சிறப்பு உதவி தேவைப்படலாம் என்று அது கூறிற்று. குறையின் பெயரைக் கொண்டு பிள்ளைகளை வகைப்படுத்துவதை விடுத்து, கற்பதற்கு அப்பிள்ளைக்கு வேண்டியது என்ன என்று கேட்க வேண்டும் என்பது அதன் மையக் கருத்து. 1981-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் இக்கருத்தை ஏற்றது. பின்னர் 2014-ஆம் ஆண்டின் 'குழந்தைகள், குடும்பங்கள் சட்டம்' பிறப்பு முதல் 25 வயது வரை நீளக்கூடிய 'கல்வி, உடல்நலம், பராமரிப்புத் திட்டம்' என்னும் ஆவணத்தை ஏற்படுத்தியது. சிறப்புப் பள்ளிக்குச் செல்லும் வழி பெரும்பாலும் இந்த ஆவணத்தின் வாயிலாகவே அமைகிறது.

ஆகவே அங்கு விண்ணப்பிக்கும் பெற்றோர் இரக்கத்தை வேண்டி நிற்பவர் அல்லர். சட்டம் தந்த உரிமையைக் கோருபவர். இரக்கத்தை வேண்டுபவர் தம் தகுதியை எடுத்துரைக்கிறார். உரிமையைக் கோருபவரோ தேவையை நிறுவ வேண்டும்.

2. விண்ணப்பம் செல்லும் வழி

முதலாவது, விண்ணப்பம் பள்ளிக்கன்று, பிள்ளை வாழும் பகுதியின் உள்ளாட்சி மன்றத்துக்கே செல்கிறது. நம்மவர் அதைக் 'கவுன்சில்' என்பர். அம்மன்றத்தின் கடமை தன் எல்லைக்குள் இருக்கும் பிள்ளைகளைப் பற்றியதே. எனவே ஊரில் இருந்துகொண்டே இடத்தை உறுதி செய்து கொள்ளலாம் என்று எண்ணுவது பொதுவாக இயலாத காரியம்.

பெற்றோரோ பள்ளியோ மதிப்பீடு வேண்டி மன்றத்துக்கு எழுதலாம். பிள்ளைக்குச் சிறப்புத் தேவை இருக்கக்கூடும் என்பதும், அதற்குத் திட்டம் ஒன்று அவசியமாகலாம் என்பதுமே அப்போது பார்க்கப்படுபவை. மதிப்பீடு செய்வதா இல்லையா என்பதை மன்றம் ஆறு வாரங்களுக்குள் அறிவிக்க வேண்டும். மதிப்பீட்டின்போது பெற்றோர், பள்ளி, மருத்துவர், கல்வி உளவியலர் முதலியோரின் கருத்துகள் பெறப்படும். திட்டம் வழங்கப்படுமாயின், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வாரங்களுக்குள் அது முடிவடைய வேண்டும். நடைமுறையில் காலதாமதம் நேர்வதுண்டு. ஆகையால் பெற்றோர் தேதிகளைக் குறித்து வைப்பது நலம்.

இறுதித் திட்டத்துக்கு முன் ஒரு வரைவு பெற்றோருக்கு அனுப்பப்படும். அதில் பள்ளியின் பெயர் இராது. கருத்துக் கூறவும், தாம் விரும்பும் பள்ளியைக் குறிப்பிடவும் பெற்றோருக்குக் குறைந்தது 15 நாட்கள் உண்டு. ஆதலால் அதற்கு முன்னரே பள்ளிகளை நேரில் சென்று பார்த்திருக்க வேண்டும். பெற்றோர் கேட்பது அரசு நிதி பெறும் பள்ளியாகவோ ஒப்புதல் பெற்ற தனியார் சிறப்புப் பள்ளியாகவோ இருந்தால், மன்றம் அதையே குறிப்பிட வேண்டும். அப்பள்ளி பிள்ளையின் வயதுக்கோ திறனுக்கோ தேவைக்கோ பொருந்தாது, அல்லது பிற மாணவரின் கல்விக்கோ பொது நிதியின் முறையான பயன்பாட்டுக்கோ இடையூறாகும் என்று காட்டினால் மட்டுமே மன்றம் மறுக்க இயலும்.

மறுப்பு வந்தால் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். முடிவுக் கடிதத்தின் நாளிலிருந்து இரண்டு மாதங்களும், இணக்கப் பேச்சுச் சான்றிதழின் நாளிலிருந்து ஒரு மாதமும் கணக்கிட்டு, அவற்றுள் பிந்தியதே கடைசி நாளாகும். இதற்குக் கட்டணமில்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. ஒவ்வொரு பகுதியிலும் பெற்றோருக்கு இலவச ஆலோசனை தரும் அமைப்பும் உண்டு. இந்த ஏற்பாடுகளை மாற்றியமைப்பது குறித்து அந்நாட்டில் விவாதம் எழுந்துள்ளதால், விண்ணப்பிக்கும் நாளில் நடப்பிலுள்ள விதியை அந்த அமைப்பிடம் கேட்டறிவது நன்று.

எல்லாப் பிள்ளைக்கும் சிறப்புப் பள்ளியே ஏற்றது என்று நாம் முடிவு கட்டலாகாது. பெற்றோர் விரும்பினால் பொதுப் பள்ளியிலேயே திட்டத்தின் உதவியுடன் கற்கும் உரிமையையும் அச்சட்டம் பெரிதும் காக்கிறது. மறுபுறம், பொதுப் பள்ளி எல்லாருக்கும் நலம் பயக்கிறதா என்ற கேள்வியை 2005-இல் வார்னாக் அம்மையாரே எழுப்பினார். இத்தேர்வில் பெற்றோரின் அனுபவத்துக்கு முதலிடம் தருவோமாக.

3. குடியேறிய குடும்பத்தின் அச்சம்

விசாவில் 'பொது நிதி பெற உரிமையில்லை' என்ற நிபந்தனையைக் காணும் பெற்றோர், சிறப்புக் கல்வியைக் கேட்டால் குடியுரிமைத் துறை தம்மைத் திருப்பி அனுப்பிவிடுமோ என்று அஞ்சி வாய் திறவாதிருக்கின்றனர். அரசுப் பள்ளிக் கல்வி அந்த 'பொது நிதி' என்னும் பட்டியலில் சேராது. சிறப்புக் கல்வியும் அவ்வாறே. மாற்றுத்திறன் உதவித்தொகை போன்ற பணக்கொடைகளோ அப்பட்டியலில் அடங்கும். இவ்வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துரைத்தாலே ஒரு குடும்பத்தின் பல மாத மௌனம் நீங்கலாம்.

பெற்றோர் வேலை விசாவில் சென்று, பிள்ளை அவர்களைச் சார்ந்தவனாகச் சென்றால், அரசுப் பள்ளியில் கற்கலாம். பிள்ளை மட்டும் மாணவர் விசாவில் செல்வதாயின், கட்டணம் செலுத்தும் தனியார் பள்ளிக்கே செல்ல இயலும். 2024 ஜனவரி முதல் தொடங்கும் படிப்புகளில், ஆராய்ச்சிப் பட்டம் போன்ற சிலவற்றைத் தவிர, மாணவர்கள் குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாது. 2024 மார்ச் 11 முதல் பராமரிப்புப் பணியாளர்க்கும் அவ்வுரிமை நீக்கப்பட்டது. "முதலில் போவோம், பிள்ளையைப் பின்னர் அழைத்துக்கொள்வோம்" என்று கடன் வாங்கிப் புறப்படுவோருக்கு இதனை முன்கூட்டியே சொல்வது ஆயரின் கடமை.

4. தேவையைச் சொல்லும் மொழி

நம் நாட்டில் மாற்றுத்திறன் சான்றிதழ் விழுக்காட்டைக் கூறுகிறது. 2016-ஆம் ஆண்டின் சட்டப்படி 40 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ளோர்க்குப் பல சலுகைகள் உண்டு. இங்கிலாந்தில் அந்த எண் பிள்ளையின் இடத்தைத் தீர்மானிப்பதில்லை. இப்பிள்ளையால் எதைச் செய்ய இயலவில்லை, எந்த உதவியால் செய்ய இயலும், அவ்வுதவி எவ்வளவு நேரம் வேண்டும் என்பவையே அங்கு கேட்கப்படுகின்றன. திட்டத்தின் 'பி' பகுதி தேவைகளையும், 'எஃப்' பகுதி அவற்றுக்கான உதவிகளையும், 'ஐ' பகுதி பள்ளியையும் கூறும். 'பி'யில் சொல்லப்படாத தேவைக்கு 'எஃப்'பில் உதவி எழுதப்படுவதில்லை. 'எஃப்'பில் எழுதப்பட்டதை வழங்குவதோ மன்றத்தின் சட்டக் கடமை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. வீட்டு மொழி வேறாக இருப்பதால் மட்டும் ஒரு பிள்ளைக்குக் கற்றல் குறை உண்டு எனக் கொள்ளலாகாது என்று அச்சட்டம் கூறுகிறது. இது நல்ல விதியே. ஆயினும் புதிதாகச் சென்ற தமிழ்ப் பிள்ளை பேசாதிருந்தால், "ஆங்கிலம் பழகட்டும், பிறகு பார்க்கலாம்" என்று காலம் கடத்தப்படுவதுண்டு. அவன் தாய்மொழியிலும் பேசவில்லை என்பதை யார் சொல்வது? அவனை ஓய்வுநாள் பள்ளியில் கண்ட நாம் சொல்லலாம்.

5. ஆயரின் கடிதம்

"நன்கு தேறி வருகிறான்" என்ற வரி ஏன் ஆபத்தானது என்பது இப்போது விளங்கும். தேறி வருபவனுக்குத் தனித் திட்டம் எதற்கு என்று மன்றம் கேட்கக்கூடும். அதற்கு மாறாக இவ்வாறு எழுதலாம்: "இரண்டு ஆண்டுகள் எங்கள் ஓய்வுநாள் பள்ளியில் இருந்தான். தமிழிலும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசியதில்லை. பாடல் ஒலி உயர்ந்தால் காதுகளைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவான். அவனருகே எப்போதும் ஒருவர் இருக்க வேண்டியதாயிற்று. படங்களைக் காட்டிச் சொன்னால் புரிந்துகொள்வான்." இதில் புகழ்ச்சியில்லை, பழிப்பும் இல்லை. கடைசி வாக்கியம் அவன் எவ்வழியாகக் கற்பான் என்பதையும் காட்டுகிறது.

கண்டதை மட்டுமே எழுதுவோம். நோயின் பெயரை நாம் சூட்ட வேண்டா, அது மருத்துவரின் பணி. கடிதத்தைப் பெற்றோருக்கு வாசித்துக் காட்டி, அவர்கள் இசைவுடன் அனுப்புவோம். ஆங்கிலத்திலேயே எழுதித் தேதியிடுவோம். மருத்துவமனை, பயிற்சி மையம், முன்னைய பள்ளி ஆகியவற்றின் அறிக்கைகளையும் புறப்படும் முன்னரே திரட்டிக்கொள்ளுமாறு நினைவூட்டுவோம்.

இதை வாசித்துக் காட்டும்போது தாய் கண்ணீர் விடக்கூடும். பிள்ளையின் குறையை எழுத்தில் ஒப்புக்கொள்வது விசுவாசக் குறைவு என்றோ, குடும்பத்துக்கு இழுக்கு என்றோ அவர் எண்ணியிருக்கலாம். சிலுவையின் நிழலில் வாழும் சபைகளிலும், இவன் இப்படிப் பிறந்தது யார் செய்த பாவத்தால் என்று சீடர் கேட்ட கேள்வி இன்னும் ஓயவில்லை. அக்கேள்வியை ஆண்டவர் ஏற்காது, அம்மனிதனை நோக்கித் திரும்பினார் என்பதை யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் காண்கிறோம். தாயிடம் அதை நாம் முதலில் பேசியிருந்தால்தான் உண்மையான கடிதத்தை அவர் அஞ்சாமல் எடுத்துச் செல்வார். இறையியல் கல்லூரியில் நம் மாணவர் கற்கும் மேய்ப்புப் பணியில் இத்தகைய கடிதம் எழுதும் பயிற்சிக்கும் இடமளிப்பது தக்கதாகும்.